சாதாவும் ஸ்பெஷலும்

அழிப்பதை நேரில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வந்த அதிகாரி ஜலதோஷத்தோடு வந்திருந்தார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர். ஆய்வுக்கூட வாசலிலேயே இரண்டு தும்மல் போட்டு முடித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க மேடம், லீவு கேட்டேன், குடுக்கல," என்றார். கிழங்கம்மாவுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். முந்தின நாள் முழுக்க அந்தக் கோபத்தைத்தான் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். வருகிறவனை உட்காரக்கூடச் சொல்லக் கூடாது, நாற்காலியைக் காட்டக் கூடாது என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தாள். ஆளைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "வெந்நீர் வேணுமா சார்?" என்றுதான் வாயில் வந்தது.

கிழங்கம்மா என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. தாவர மரபியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் வாழ்நாளில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு மாரடித்ததற்கு ஆய்வுக்கூடம் கொடுத்த இன்னொரு பட்டம் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், கடைசியில் அவளே போனை எடுத்து "கிழங்கம்மா பேசறேன்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. தெருவில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. காய்ச்சல், வயிற்றுவலி என்று கதவைத் தட்டுகிறவர்களிடம் "நான் செடிக்கு டாக்டருங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் ஒரு பட்டை காய்ச்சல் மாத்திரையை வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே ஒரு ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரான கணவர்தான். அவள் ஊற்றிய மூன்று தொட்டிகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன. "ஊர்ப் பயிரையெல்லாம் காப்பாத்தப் போறவ கையில ஒரு ரோஜா நிக்கமாட்டேங்குது பாரு," என்று அவர் சீண்டாத நாள் கிடையாது. இன்று காலையில் மட்டும் அவர் சீண்டவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்து, பையின் வாயை இழுத்து மூடி, "முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னார். அந்தக் கனிவுதான் அவளைக் கொன்றது.

வேலை என்னவோ சின்னதுதான். பெரிய பிரஷர் குக்கர் போல ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்குள் செடி, கிழங்கு, மண், தொட்டி எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி, நீராவியில் அவிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். அவிந்ததைப் பையில் கட்டினால் அதிகாரி சீல் வைத்துத் தன் வண்டியிலேயே எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். மரபணு மாற்றிய எதையும், திட்டம் முடிந்துவிட்டால், உயிரோடு விட்டுவைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தோடு அவளுக்குச் சண்டை இல்லை. அந்தச் சட்டத்தை எழுதின குழுவில் அவளும் ஒரு நாள் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தவள்தான்.

கருகல் நோய் என்று ஒன்று இருக்கிறது. மேகம் போட்டு நாலு நாள் ஈரம் நின்றால் போதும், பச்சைப் பசேலென்று இருந்த வயல் அடுத்த வாரம் தீய்ந்துபோனது மாதிரி நிற்கும். மண்ணுக்கடியில் கிழங்கும் அழுகி நாற்றமெடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை மருந்தடித்தால் தப்பிக்கலாம். மருந்தடிக்க வசதியில்லாதவர்கள் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நோய் கிட்டேயே வராத ஒரு காட்டுக் கிழங்கு இருந்தது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், வாயில் வைத்தால் எட்டிக்காயாய்க் கசக்கும். அதற்குள் இருக்கிற எந்த ஜீன் நோயைத் தடுக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவளுடைய முப்பதுகள் சரியாய்ப் போய்விட்டன. கண்டுபிடித்ததை எடுத்து, எல்லோர் சமையலறையிலும் கிடக்கிற சாதாரண உருளைக்கிழங்குக்குள் வைத்து, அது ஒழுங்காக இலைவிட்டு, கிழங்குவிட்டு, நோயையும் எதிர்த்து நிற்கிறதா என்று பார்ப்பதற்குள் நாற்பதுகளும் போயின. சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஐந்நூறு துண்டு இலையில் முயன்று முளைத்தவை ஒரு கை எண்ணிக்கை. அதிலும் ஒன்று குட்டை, ஒன்று மலடு, ஒன்றுக்குக் கிழங்கே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. அந்த ஒன்றைத்தான் கணுவுக்குக் கணு வெட்டி, பாட்டில் பாட்டிலாக, ஜெல்லியில் நட்டு இத்தனை வருஷமாக உயிரோடு வைத்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஸ்பெஷல் என்று பெயர். ஜீன் வைக்காத தாய்க் கிழங்கை, ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் பக்கத்திலேயே வளர்ப்பார்கள். அதற்குப் பெயர் சாதா. டீக்கடையில் ஆர்டர் சொல்வது மாதிரி, "ரெண்டு சாதா, நாலு ஸ்பெஷல் எடுத்து வை" என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வெளியாட்கள் சிரிப்பார்கள்.

அதன் பிறகு குழுக்கள். அந்தக் குழு, இந்தக் குழு, அதற்கு மேல் ஒரு குழு. முதல் பத்து வருஷம், இது புதுசு, என்ன ஆகுமோ என்று பயந்தார்கள். பயம் தெளிந்து நிமிர்ந்து பார்த்தபோது உலகம் வேறு எங்கேயோ போயிருந்தது. இப்போது வெளி ஜீனை உள்ளே வைப்பதில்லை, செடியில் இருக்கிற ஜீனையே கத்திரித்துத் திருத்துகிறார்கள். போன மாதம் வந்த கடிதம், உங்கள் முறை பழையது, இதற்கு மேல் செலவு செய்வதற்கில்லை என்று சொன்னது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால்கூட ஒரு சத்தம் கேட்கும். இதில் அதுவும் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். புதுசு என்று பத்து வருஷம், பழசு என்று ஒரே வரி, இரண்டுக்கும் நடுவில் இது சரியாக இருந்த ஒரு நாள் இருந்திருக்க வேண்டுமே, அது எந்த நாள், அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தாள்.

"முதல் ரவுண்டுக்கு எது மேடம்?" என்றார் அதிகாரி.

"மூட்டைங்க சார். கடைசி வயல் பரிசோதனைல எடுத்த கிழங்கு."

மூட்டைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தவள் கடுகு. அவளும் டாக்டர் பட்டம் வாங்கியவள்தான். கடுகுச் சாதியைச் சேர்ந்த ஒரு களைச்செடியில் ஆராய்ச்சி செய்து முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். ஆளும் அந்த அளவு, காரமும் அந்த அளவு என்பதால் பெயர் நிலைத்துவிட்டது. வருஷா வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்தத்தில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருந்தாள். திட்டத்தோடு அவள் ஒப்பந்தமும் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நாற்பதைத் தாண்டியவளுக்கு, இனி எந்த ஆய்வுக்கூடம் கூப்பிட்டு வேலை கொடுக்கும்? விதைக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இடம் இருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "மைக்ரோஸ்கோப்பைப் பார்த்த கண்ணால இனிமே பில்லைப் பார்க்கணும், அவ்வளவுதானேக்கா," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு சிரிக்கக் கிழங்கம்மாவால் முடியவில்லை.

மூட்டைகள் உள்ளே போயின. அதிகாரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். கதவைச் சுழற்றிப் பூட்டினாள் கடுகு. அழுத்தம் காட்டுகிற முள் மெல்ல ஏறத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், வாசனை வந்தது. கட்டடம் முழுக்க உருளைக்கிழங்கு வேகிற வாசனை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு எந்த வீட்டு அடுப்படியிலும் வருகிற அதே வாசனை. எதிர் அறையில் பூஞ்சை ஆராய்ச்சி செய்கிற பையன்கள் இருவர் எட்டிப் பார்த்து, "யாரு சமைக்கிறாங்க?" என்று கேட்கப் போய், அதிகாரியையும் கிழங்கம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்கள். அதிகாரிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அடைத்த மூக்கோடு நாற்காலியில் சாய்ந்து, வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவருக்கும் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க," என்றாள் கடுகு.

உள்ளே என்றால் பாட்டில் அறை. ஜன்னல் இல்லாத அறை, மூன்று தட்டு இரும்பு அடுக்குகள், தட்டுக்குத் தட்டு வெள்ளை விளக்கு. பாட்டில்களுக்குள் விரல் நீளச் செடிகள், ஒவ்வொன்றும் நாலைந்து இலையோடு, ஜெல்லியில் வெள்ளை நூலாய் வேரை விட்டுக்கொண்டு நின்றன. இடப்பக்கம் நீல நாடா ஒட்டியவை ஸ்பெஷல். வலப்பக்கம் வெள்ளை நாடா ஒட்டியவை சாதா. அடுத்த சுற்றில் நீலம் போக வேண்டும். வெள்ளை போக வேண்டியதில்லை. அது கடையில் விற்கிற கிழங்கு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

கடுகு கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, கதவிலேயே சாய்ந்துகொண்டாள்.

"வெள்ளை நாடா சாதா இல்லக்கா."

கிழங்கம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"போன மாசம் கணு வெட்டிப் புதுப் பாட்டிலுக்கு மாத்தினேன் இல்ல, லெட்டர் வந்த வாரம். அப்ப நாடாவை மாத்தி ஒட்டிட்டேன். நீலத்துல இருக்கறது சாதா. வெள்ளையில இருக்கறதுதான் நம்ம ஸ்பெஷல்."

"கவனிக்காமயா?"

"கவனிச்சுத்தான்."

வெளியே இயந்திரம் நீராவியை ஒருமுறை புஸ்ஸென்று விட்டது. கிழங்கம்மா அடுக்கின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த முதல் நிமிஷத்தில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளை நாடாப் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கேயா இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது. பிறகு நீலத்தைப் பார்த்தாள். அதே இலை, அதே பச்சை, அதே வேர். பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா என்று அவள் பலமுறை பீற்றிக்கொண்டதுண்டு, ஒருமுறை கடுகு பந்தயம் கட்டி நாடா இல்லாமல் பாட்டில்களை வைத்தபோது பாதிக்குப் பாதி தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. பத்துக் காசு சுண்டிப் போட்டிருந்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்கும். நோய் வந்தால் ஐந்தாறு நாளில் தெரியும். இலையைக் கிள்ளிப் பரிசோதனை செய்தால் அரை நாளில் தெரியும். கண்ணால் பார்த்தால் ஒருநாளும் தெரியாது.

"யாருக்கு என்னக்கா நஷ்டம்?" கடுகு வேகமாகப் பேசினாள், குரலை மட்டும் ஏற்றவில்லை. "நீலத்தை அவர் முன்னாடி அவிச்சுடுவோம். வெள்ளையை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். சாதாக் கிழங்கு, ஒரு நாய் கேட்காது. சமையல்கட்டு அலமாரில ஒரு லைட்டைப் போட்டா போதும், மாசாமாசம் கணு வெட்டிக்கிட்டே இருப்பேன். நாலஞ்சு வருஷத்துல இவங்க மனசு மாறும். மாறாமயா போயிடும்?"

"மாறினா? எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவே?"

"அதை அப்பப் பார்த்துக்கலாம்."

"கடுகு..."

"உங்க முப்பது வருஷம்க்கா அது. என்னோட பன்னெண்டு."

கிழங்கம்மா மறுபடி பாட்டில்களைப் பார்த்தாள். ஜீனின் எழுத்துகள் எல்லாம் கட்டுரையில் அச்சாகியிருக்கின்றன. மறுபடி வேண்டும் என்றால் யார் வேண்டுமானாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்னொரு முப்பது வருஷம் கையில் இருந்தால். உயிரோடு இருப்பது இந்தப் பாட்டில்களில் இருப்பது மட்டும்தான்.

அவளுக்கு நினைவுக்கு வந்தது வேறொன்று. வயல் பரிசோதனைக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஏற்பாடு. மக்கள் சொன்னதெல்லாம் கருத்து என்று சொல்ல முடியாது. விஷக்காரி என்று ஒருவர் கத்தினார். நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து, "இதை உங்க வீட்ல சமைப்பீங்களா?" என்று கேட்டாள். பரிசோதனையில் இருப்பதை யாரும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம், அதனால் அவள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மண்டபமே சிரித்தது. கடைசியாக, பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். அவர் கத்தவில்லை. "நாலு பேருக்குத் தெரியாம ஒரு செடி வெளிய வந்துடுச்சுன்னா, யாருக்கும்மா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. வேலி, பூட்டு, பதிவேடு என்று எழுதிக்கொண்டு வந்த பதில் அவள் கையில் இருந்தது. அதைப் படிக்காமல், "எனக்குத் தெரியும்யா. நான் விடமாட்டேன்," என்றாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு, "சரிம்மா. மத்த விவரம் எனக்குப் புரியல. உன்னை நம்பறேன்," என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். அவளுடைய கட்டுரைகளை எத்தனையோ பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பதக்கம்கூட ஒன்று வீட்டு அலமாரியில் கறுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அவளுடைய வேலையைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார்களா என்று யோசித்தால் இந்த ஒன்றுதான் முதலில் வரும். அதற்குப் பிறகு எத்தனை மேடையில், எத்தனை குழுவின் முன்னால், என் கூடத்திலிருந்து ஒரு இலை வெளியே போனதில்லை என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்று சொல்வார்கள். இங்கே பயிரைக் காப்பாற்றத்தான் வேலி எழுந்து நடக்கப் பார்க்கிறது. ஆனால் என்றைக்காவது ஒருநாள் யாராவது அந்த அலமாரியைத் திறந்தால், சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் சந்தேகப்பட்டது சரி என்றாகிவிடும். நம்பின ஒருவர் முட்டாள் என்றாகிவிடும்.

ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிடலாமா என்று நினைத்தாள். அரை நாள் வேலை. அதிகாரியிடம் ஏதாவது காரணம் சொல்லி நாளைக்கு வரச் சொல்லலாம், ஜலதோஷக்காரர், சந்தோஷமாகப் போய்விடுவார். எது எது என்று தெரிந்துவிடும். தெரிந்து? வெள்ளையில் இருப்பதுதான் அது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டால், அதைத் தூக்கி அவிக்க இந்தக் கை வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆசைக்கு அவ்வளவு இடம் கொடுக்க இந்த வயதில் தெம்பில்லை. களைப்பாக இருந்தது. கால் முட்டியில் ஆரம்பித்துத் தலைமுடி வரைக்கும் களைப்பாக இருந்தது.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள். "மேடம், மெஷின் நின்னுடுச்சு," என்றார் அதிகாரி. "அடுத்தது போட்டுட்டா நான் மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்."

அவிந்த மூட்டைகளை வெளியே எடுத்துக் கட்டினார்கள். தோல் வெடித்து, மாவு தெரிய, ஆவி பறக்கிற கிழங்குகள். அதிகாரி சீல் வைத்தார். கடுகு பாட்டில் அறைக்குள் போய் நீல நாடாவைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள், கிழங்கம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே வந்தாள். தட்டு உள்ளே போனது. இன்னும் பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தது.

"வெள்ளையையும் எடுத்துட்டு வா," என்றாள் கிழங்கம்மா.

கடுகு அசையவில்லை.

"அது சாதாதானே மேடம்?" என்றார் அதிகாரி. "அதை அழிக்கணும்னு ரூல் இல்லையே. வீணா எதுக்கு?"

"போட்டுடலாம் சார்."

"அதைப் போட்டா நான் அதையும் எண்ணணும், சீல் வைக்கணும், எழுதணும்." அவர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் உத்தியோகத்தில் இப்படி ஒருத்தர் வந்து, இதையும் கொல்லுங்கள் என்று கெஞ்சி அவர் பார்த்திருக்க மாட்டார். சட்டென்று ஏதோ உறைத்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் மேடம், ஏதாவது கலந்துபோச்சா?"

ஆமாம் என்றால் அது அறிக்கையில் ஏறும். யார் கலந்தது என்று அடுத்த கேள்வி வரும். விதைக் கம்பெனி விற்பனைப் பிரிவுகூடக் கடுகை அதற்குப் பிறகு உள்ளே விடாது. இல்லை என்றால் அது பொய். கிழங்கம்மா வாழ்நாளில் இவ்வளவு நேரம் எடுத்து ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, இது எது அது எதுன்னு என்னாலயே சொல்ல முடியாது சார். அதான்."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு கடுகைப் பார்த்தார். கடுகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, புரியவில்லையோ, பெரிதாக ஒரு தும்மல் வந்தது, கைக்குட்டைக்குள் வெகுநேரம் முகத்தை வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது, "போடுங்க," என்றார். "சீக்கிரம் போடுங்க."

கடுகு வரவில்லை. கிழங்கம்மாவே உள்ளே போய், வெள்ளை நாடாப் பாட்டில்களை இரண்டு இரண்டாக எடுத்துத் தட்டில் வைத்தாள். ஒன்றின் உள்பக்கம் நீர் முத்து கோத்து, செடி சரியாகத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் விரலால் சுண்டிவிட்டாள், முத்து உருண்டு இலை தெளிவாகத் தெரிந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இயந்திரத்துக்குள் வைத்தாள். கதவைப் பூட்டுகிற சக்கரம் மட்டும் அவள் பலத்துக்குச் சுழலவில்லை. அதிகாரி எழுந்து வந்து ஒரு கை கொடுத்தார்.

மூன்றரைக்கு அவர் கிளம்பினார். பாட்டில்களில் ஜெல்லி உருகி, செடிகள் பாசிபோல் அடியில் ஒட்டிக்கிடந்தன, வழித்தெடுத்ததெல்லாம் ஒரே பைக்குள் போயிற்று. கையெழுத்துப் போட்டாள். வண்டி வளாகக் கதவைத் தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள். அவிந்த இலையிலிருந்துகூட ஒரு துணுக்கு எடுத்து எது எது என்று கண்டுபிடித்துவிட முடியும், அந்த அளவுக்கு இந்தக் கலை வளர்ந்திருக்கிறது. அந்தத் துணுக்கும் சீல் வைத்த பையில் சாலைத் திருப்பத்தில் மறைந்தது.

கடுகு கழுவுகிற தொட்டியில் காலிப் பாட்டில்களைப் போட்டு நாடா உரித்துக்கொண்டிருந்தாள். நீலமும் வெள்ளையும் சுருள் சுருளாக ஒரு தட்டில் சேர்ந்துகொண்டிருந்தன. உருளைக்கிழங்கு வாசனை இன்னும் போகவில்லை. கிழங்கம்மா பக்கத்தில் போய் நின்று தானும் ஒரு பாட்டிலை எடுத்தாள். நகத்தை விட்டு நாடாவின் ஓரத்தைக் கிளப்பினாள். கடுகு திட்டுவாள், அழுவாள், இல்லை ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தாள். எதற்கும் தயாராக இருந்தாள்.

"நான் மாத்தவே இல்லக்கா," என்றாள் கடுகு.

பாட்டில் கையிலேயே நின்றது.

"சும்மா சொன்னேன். லெட்டர் வந்ததுலேருந்து நீங்க ஒழுங்கா சாப்பிடல. உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல. எங்கேயோ ஒண்ணு உயிரோட இருக்குன்னு நெனச்சுக்கிட்டா வீட்ல போய் நிம்மதியா இருப்பீங்களேன்னு..." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "சாதாவைப் போய் அவிச்சீங்களே. பாவம், அது என்ன பண்ணுச்சு."

கிழங்கம்மா அவளைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் தோளோடு தோள் நின்று வேலை செய்தவள். எந்தப் பாட்டிலில் பூஞ்சை வந்தால் எப்படி முகம் சுளிப்பாள், எந்த நாளில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரியும். அப்போது கதவில் சாய்ந்துகொண்டு சொன்னது பொய்யா, இப்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்வது பொய்யா என்று மட்டும் தெரியவில்லை. அப்போது சொன்னது நிஜமாக இருந்து, தன் கையாலேயே அதைக் கொன்றோம் என்று அக்கா காலமெல்லாம் உருகக் கூடாதே என்று இப்போது மாற்றிச் சொல்கிறாளோ? சொல்லக்கூடியவள்தான். அதற்கும் துணிவாள், இதற்கும் துணிவாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லு."

கடுகு பார்த்தாள். கண் சிவந்திருந்தது. அது எதற்கும் அத்தாட்சி இல்லை.

"மாத்தல," என்றாள்.

ஒரு செடிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் கிழங்கம்மா படித்தாள், அதற்குத்தான் சம்பளம் வாங்கினாள். மீதிப் பாட்டில்களையும் இருவருமாக உரித்து முடித்தார்கள்.

போகிற நேரத்தில் பாட்டில் அறையைப் பூட்டப் போனபோதுதான், உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருப்பதைக் கவனித்தார்கள். அந்த விளக்குகளை யாரும் போடுவதுமில்லை, அணைப்பதுமில்லை. செடிகளுக்குப் பகல் எவ்வளவு நேரம், இரவு எவ்வளவு நேரம் என்று ஒருமுறை வைத்துவிட்டால் அவை தாமாகவே எரிந்து தாமாகவே அணையும். மூன்று தட்டிலும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. பாட்டில்கள் நின்ற இடங்களில் வட்ட வட்டமாகத் தூசி படியாத சுவடுகள். அறை கதகதவென்று இருந்தது. கிழங்கம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கடுகு கொஞ்சம் நின்றாள். பிறகு அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அணைச்சுடட்டுமாக்கா?"

"வேணாம். இங்க இன்னும் பொழுது சாயல."

பைக்குள் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. காலியான அடுக்குகளின் மேல் நடுப்பகல் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தது.